‘நிதி இல்லை’ என்ற பதிலுக்குப் பிறகு என்ன செய்வது?

கேள்வி: எங்கள் மாநகராட்சியின் விரிவாக்கப் பகுதியில், நான்கு தெருக்களில் 140 வீடுகள் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது. மழைநீர் வடிகால் கேட்டு மூன்று வருடமாக மனு கொடுக்கிறோம். ‘நிதி இல்லை’ என்பதுதான் பதில். ஆனால் போன வருடம் இதே வார்டில் நீரூற்றோடு ஒரு பூங்கா திறந்தார்கள். பகுதி சபை என்று ஒருமுறை கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்பினார்கள். பெரிய செலவுகூட வேண்டாம், பின்பக்கம் குடிசைகள் இருக்கும் பள்ளத்தில் தண்ணீரை இறக்கிவிட்டாலே போதும். பட்ஜெட் போடும்போது எங்களைப் போன்றவர்கள் பேச இடம் உண்டா? இல்லை, அது அதிகாரிகளும் கவுன்சிலர்களும் மட்டும் முடிவு செய்யும் விஷயமா?
— குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், இல்லத்தரசி

பதில்: அன்புள்ள அம்மா,

இடம் உண்டு. ஆனால் அது நீங்கள் மூன்று வருடமாகப் போய் நின்ற மனு வாங்கும் மேசையில் இல்லை. நான் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் கணக்குப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன். வரவு செலவுத் திட்டத்தை வரிவரியாகத் தட்டச்சு செய்த காலத்திலிருந்து, அதை மன்றத்தில் வைக்கும் நாளில் ஆணையர் பின்னால் கோப்போடு நின்ற காலம் வரை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ‘நிதி இல்லை’ என்ற பதில். பெரும்பாலும் அதன் பொருள், ‘உங்கள் வேலை பட்ஜெட்டின் எந்தத் தலைப்பிலும் ஏறவில்லை’ என்பதுதான். உள்ளாட்சிக் கணக்கில் பணம் ஒரே பெட்டியில் கிடப்பதில்லை. தமிழ்நாட்டில் நகர உள்ளாட்சிக் கணக்கே மூன்று நிதிகளாகப் பிரிந்திருக்கிறது: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. நீங்கள் ஒரே ரசீதில் கட்டும் சொத்து வரிகூட உள்ளே பிரிந்துதான் போகிறது. இதற்கு மேல் மத்திய, மாநில அரசுத் திட்டங்களின் பணம். அது எதற்காக வந்ததோ அதற்கு மட்டும்தான் செலவாகும். நகரங்களின் அடிப்படை வசதிக்காக மத்திய அரசு 2015-இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பூங்காவுக்கென்றே, மொத்தத் தொகையில் 2.5 சதவீதம் வரை, தனியாக வைத்திருந்தார்கள். உங்கள் வார்டுப் பூங்காவும் இப்படி ஏதோ ஒரு திட்டத்தில் வந்திருக்கலாம். அந்தப் பணத்தை எடுத்து வடிகாலுக்குப் போட எந்த ஆணையராலும் முடியாது.

அதற்காகக் கேள்வியை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தப் பூங்காவுக்கு உங்கள் வார்டில் இடம் பார்த்து, மதிப்பீடு போட்டு, மன்றத்தில் தீர்மானம் வைத்து ஒருவர் அனுப்பியிருக்கிறார். வடிகாலுக்கு அப்படி யாரும் அனுப்பவில்லை. உங்கள் மனுவுக்கும் அந்தப் பூங்காவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக்கும் நீரேற்றத்துக்கும் மின்கட்டணம், பழைய கடன் தவணை, குப்பை அள்ளும் ஒப்பந்தம் இவையெல்லாம் போன பின், ஒரு மன்றம் தன் விருப்பப்படி முடிவெடுக்கக் கூடிய தொகை சின்னதாகத்தான் மிஞ்சும். அந்தச் சின்னத் தொகைக்குத்தான் எல்லா வார்டுகளும் போட்டி போடுகின்றன. எந்த வேலை உள்ளே போகும் என்பது பட்ஜெட் கூட்டத்தில் முடிவாவதில்லை. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ நடக்கும் அந்தக் கூட்டத்துக்கு வரும்போது புத்தகம் அச்சாகி வந்திருக்கும். நான் வேலை பார்த்த ஊர்களில் எல்லாம், வேலைகளின் பட்டியல் வார்டு உதவிப் பொறியாளரின் நோட்டிலிருந்துதான் கிளம்பும். மழை பெய்து ஊர் நனையும் ஐப்பசியில் அவர் குறித்துக்கொள்வது, கவுன்சிலர் சொல்வது, மேலிருந்து வருவது எல்லாம் சேர்ந்து நவம்பர், டிசம்பரில் பட்டியலாகும். நாங்கள் ஜனவரியில் கூட்டல் கழித்தல் பார்ப்போம். நீங்கள் எந்த மாதத்தில் மனு கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேர் ஏப்ரல், மே மாதத்தில்தான் வருவார்கள். புது வருடப் பணம் வந்திருக்கும் என்று நினைத்து வருவார்கள். அது முந்தைய டிசம்பரிலேயே பேர் எழுதி வைத்த பணம்.

பகுதி சபையை இந்தக் காலக்கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். கிராம சபைக்கு அரசியலமைப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நகரத்துக்கு அப்படி இல்லை. 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று மட்டும் சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தது 2022-இல்தான். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, மாநிலமெங்கும் இந்தக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே உட்கார்ந்தார். உங்கள் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் பகுதி சபையின் உறுப்பினர்கள்தான். யாரும் அழைப்பிதழ் தர வேண்டியதில்லை. எந்த வேலை முதலில், எது பிறகு என்று சொல்வது சபையின் வேலை. அது கவுன்சிலர் தலைமையில் உள்ள வார்டு குழுவுக்குப் போகும், அங்கிருந்து மன்றத்துக்கு. கடைசி முடிவு மன்றத்துடையதுதான். அதனால் சபையில் பேசினாலே வேலை நடந்துவிடும் என்று சொல்ல மாட்டேன்.

விதிப்படி கூட்ட நாட்கள் நான்கு: ஜனவரி கடைசி வாரத்தில் ஒன்று, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. நான்கும் ஒன்றல்ல. பட்ஜெட்டைப் பொறுத்தவரை உங்களுக்கு உயிரான நாட்கள் செப்டம்பர் 15-உம் டிசம்பர் 10-உம். ஜனவரிக் கூட்டம் தாமதம், ஆனாலும் விடாதீர்கள். ஏப்ரல் 14 அன்று கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘எங்கள் வேலை இந்த வருடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?’

நாள் நெருங்கியும் கூட்ட அறிவிப்பு இல்லை என்றால், நாற்பது ஐம்பது வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டு ஆணையருக்கும் கவுன்சிலருக்கும் எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். டீ கொடுத்து அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். டீ இருக்கட்டும், கையெழுத்து விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பேசியதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதிய பிறகு, அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே கையெழுத்து. வெறும் வருகைப் பதிவேட்டில் உள்ள கையெழுத்து, நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கேட்டது என்ன என்பதற்கு அதில் சாட்சி இல்லை.

அப்புறம், என்ன எடுத்துக்கொண்டு போவது? இங்கேதான் நல்ல சங்கங்களே தடுமாறுகின்றன. பதினாறு கோரிக்கைகள், கண்ணீர் மல்க ஒரு முன்னுரை. அதைப் படிக்கும் பொறியாளர் எதையும் நோட்டில் எழுத முடியாது.

நான் இளநிலை உதவியாளராக இருந்தபோது ஒரு நெசவாளர் தெருவிலிருந்து ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். கையில் பள்ளிக்கூடக் கோடு நோட்டு ஒன்று. மழை பெய்த ஒவ்வொரு நாளும் தெருமுனை மின்கம்பத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கரியால் கோடு போட்டு, தேதியையும் அளவையும் நோட்டில் எழுதியிருந்தார்கள். எத்தனை நாள் தறிக்குழியில் தண்ணீர் நின்றது, எத்தனை தறி நின்றது என்று ஒரு பக்கம். தெருவின் நீளத்தை நூல் பிடித்து அளந்து, நூலையே சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். பொறியாளர் அந்த நூலை மேசையில் விரித்து அளந்துவிட்டு, அன்றைக்கே அவர்களோடு கிளம்பிப் போனார். எங்கள் அலுவலகத்துக்கு அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ மனுக்கள் வந்தன. ஒரு மனுவைப் பார்த்ததும் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

நீங்களும் ஒரே ஒரு வேலையை எடுங்கள். ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எத்தனை வீடு, தண்ணீர் எத்தனை நாள் நின்றது, தேதியோடு நான்கு படம், தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும். கடைசியில், ‘உத்தேச மதிப்பீடு தயாரித்து வரும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டுகிறோம்’ என்று ஒரு வரி. ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் எழுதுவது எங்களுக்குக் கைவந்த கலை. மதிப்பீடு கேட்டால், ஒன்று மதிப்பீடு போட வேண்டும், இல்லையென்றால் ஏன் போட முடியாது என்று காரணம் சொல்ல வேண்டும். இரண்டுமே உங்களுக்கு லாபம்.

‘தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும்’ என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், அம்மா. உங்கள் கடிதத்தில் என் மனதை உறுத்தியது அந்த ஒரு வரிதான். பின்பக்கப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் போதும் என்கிறீர்கள். அங்கே குடிசைகள் இருப்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு வாசலில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீர், அங்கே போனால் அடுப்பை அணைக்கும், பாயை நனைக்கும். பகுதி சபையில் அவர்களுக்கும் உங்களுக்கு உள்ள அதே இடம் உண்டு. வேலைக்குப் போன நேரத்தில் கூட்டம் வைப்பதால் வருவதில்லை, அவ்வளவுதான்.

மக்களே பட்ஜெட் போடும் முறைக்கு உலகம் முழுதும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஊர் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே. 1989-இல் தொடங்கினார்கள். நகரத்தை 16 பகுதிகளாகப் பிரித்து, பகுதிவாரியாகக் கூடி எந்த வேலை முதலில் என்று முடிவு செய்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது கூட்டம் போட்டது மட்டும் அல்ல. பணத்தைப் பிரிக்கும்போது, கை தூக்கியவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பகுதியில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், அங்கே அந்த வசதி எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் வைத்தார்கள். சாக்கடையே இல்லாத பகுதிக்கு முதலிடம் கிடைத்தது. அந்தக் கணக்கை உங்கள் வார்டில் போட்டால் உங்கள் தெருவுக்கு முன்னால் அந்தப் பள்ளம் வரும். 2017-இல் அங்கே நகர நிர்வாகம் இந்த முறையை நிறுத்தி வைத்தது. அத்தனை வருடம் நடந்த ஒன்றுகூட, பதவியில் இருப்பவர்கள் விரும்பாவிட்டால் நின்றுபோகும். அதனால் நம் ஊரில் சபை நாட்களை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது, அந்தக் குடிசைப் பகுதிக்குப் போய் இரண்டு பேரையாவது சங்கத்தின் பேச்சில் சேர்ப்பது. ஞாயிறு சாயங்காலம் போங்கள், வீட்டில் இருப்பார்கள். உங்கள் தெருவின் வடிகாலையும் அவர்கள் இடத்துக்கான வடிகாலையும் சேர்த்து, ஓடையோ வாய்க்காலோ ஏரியோ எது பக்கமோ அதுவரை ஒரே வேலையாகக் கேளுங்கள். செலவு கூடும்தான். ஆனால் பாதி வழியில் நிற்கும் வடிகாலைப் பொறியாளரே ஒப்புக்கொள்ள மாட்டார். போய்ச் சேரும் இடம் இல்லாத வடிகால் கொசுத் தொட்டிதான்.

அந்த வாய்க்கால் யாருடையது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏரியும் வாய்க்காலும் பல இடங்களில் நீர்வளத் துறையுடையவை, பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. மாநகராட்சி வடிகால் அவற்றைக் கடக்க வேண்டுமானால் அந்தத் துறையின் அனுமதி வேண்டும். ‘நிதி இல்லை’ என்று சொல்லப்படும் கோப்புகள் பல, உண்மையில் இந்த அனுமதிக்காகக் காத்திருப்பவை. நகர நில அளவைப் பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் புல எண்ணை (சர்வே எண்) பார்த்தால் யாருடைய இடம் என்று தெரியும்.

போன வருடப் பட்ஜெட் புத்தகத்தையும் அதற்கு முந்தைய இரண்டு வருடப் புத்தகங்களையும் கேட்டு வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, கேட்காமலேயே வெளியிட வேண்டிய ஆவணம் அது. இணையத்தில் இல்லையென்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். புத்தகம் தடியாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மழைநீர் வடிகால் உள்ள வரியைத் தேடுங்கள். பாதாளச் சாக்கடையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது குடிநீர் மற்றும் வடிகால் நிதியில் வரும். மழைநீர் வடிகால் பெரும்பாலும் சாலைப் பணிகளோடு வருவாய் மற்றும் மூலதன நிதியில் இருக்கும். எதிரே மூன்று தொகைகளைப் பாருங்கள்: முடிந்த வருடத்தின் உண்மைக் கணக்கு, நடப்பு வருடத்தின் திருத்திய மதிப்பீடு, வரும் வருடத்தின் மதிப்பீடு. ஒரே வருடத்துக்குப் பழைய புத்தகத்தில் போட்ட மதிப்பீடு பெரிதாகவும், பிறகு வந்த புத்தகத்தில் உண்மைக் கணக்கு சின்னதாகவும் இருந்தால், பணம் ஒதுக்கியும் செலவாகவில்லை என்று பொருள். அந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு சபைக்குப் போங்கள். ‘நிதி இல்லை’ என்ற பதிலைப் பிறகு அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

மாநகராட்சியின் பொதுப் பணம் தவிர வேறு வழிகளும் உண்டு. சென்னை போன்ற இடங்களில் கவுன்சிலருக்கு வார்டு மேம்பாட்டு நிதி இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். நூலகம், விளையாட்டுத் திடல், பள்ளிக்கு ஒரு கூடுதல் அறை என்றால் நான் தயங்காமல் ‘நமக்கு நாமே’ சொல்வேன். வடிகாலுக்குச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வரி கட்டும் மக்களுக்குத் தண்ணீர் வடிவது அடிப்படைத் தேவை. அதற்கு மறுபடியும் கையிலிருந்து பணம் கேட்டால், கட்ட முடிந்த தெரு முன்னால் போகும், பள்ளத்துக் குடிசை பின்னால் நிற்கும். வேறு வழியே இல்லை என்றால் மட்டும் பாருங்கள்.

மற்ற ஊர்கள் என்ன செய்கின்றன என்றும் தெரிந்துகொள்ளுங்கள், சபையில் பேச உதவும். புனே மாநகராட்சி 2006 முதல், அடுத்த வருடப் பட்ஜெட்டில் என்ன சின்ன வேலை வேண்டும் என்று குடிமக்களிடமே படிவம் வாங்குகிறது. கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் கொடுக்க முடிவு செய்தது. நம் மாநிலத்தில் இரண்டுமே செய்ய முடியாதவை அல்ல. உங்கள் மன்றமே ஒரு தீர்மானம் போட்டு, ஒவ்வொரு வார்டிலும் இவ்வளவு தொகைக்குப் பகுதி சபை சொல்வதுதான் வேலை என்று ஒதுக்கலாம். கவுன்சிலரிடம் கேளுங்கள். நல்ல கவுன்சிலருக்கு இது பாரம் இல்லை, உதவிதான். நூறு பேர் கேட்ட நூறு வேலையில் எதைத் தள்ளுவது என்ற பழி அவர் தலையில் மட்டும் விழாது.

இன்னொன்று, பட்ஜெட் ஒரு வருடக் கதை. உங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதற்கு விதை அதற்கும் முன்னால் விழுந்திருக்கும், வயலையும் வாய்க்காலையும் மனையாக மாற்றிய நாளில். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளிவந்தால் ஆட்சேபமும் கருத்தும் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். கோவைக்கு 2041 வரையிலான வரைவு 2024 பிப்ரவரியில் அப்படித்தான் மக்கள் முன் வந்தது. உங்கள் ஊருக்கு வரும்போது, வரைபடத்தில் அந்த வாய்க்கால் நீர்நிலையாகக் காட்டப்பட்டிருக்கிறதா, குடியிருப்பு நிறம் பூசப்பட்டிருக்கிறதா என்று புல எண்ணோடு பார்த்து எழுதிக் கொடுங்கள். தனி மனைகளுக்கு நில உபயோக மாற்றம் கேட்டு நாளிதழில் வரும் சின்ன அறிவிப்புகளையும் சங்கத்தில் ஒருவர் தினமும் பார்க்கட்டும். யாரும் படிக்காத மூலையில்தான் அவை வரும்.

வேலை பட்டியலில் ஏறி, டெண்டர் முடிந்து, பணி ஆணை கொடுத்த பிறகும் உங்கள் பங்கு இருக்கிறது. தகவல் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, ஆவணத்தை மட்டும் இல்லை, நடக்கும் வேலையையே நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. மதிப்பீட்டு நகலையும், முடிந்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் வாங்கி, வடிகாலின் ஆழத்தையும் அகலத்தையும் நீங்களே டேப் வைத்துப் பாருங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். நாலு பேர் டேப்போடு நின்றால் ஒப்பந்தக்காரர் கம்பியைக் குறைக்க யோசிப்பார். ஒப்பந்தக்காரருக்குப் பில் தொகை கொடுப்பதற்கு முன்பு இது நடக்க வேண்டும். கொடுத்த பிறகு எங்கள் கணக்குப் பிரிவில் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போதைக்கு இரண்டு காரியம். இந்த ஞாயிறு பள்ளத்துத் தெருவுக்குப் போய் வாருங்கள். அடுத்த மழைக்கு முன் மின்கம்பத்தில் அடியிலிருந்து அளவுக்கோடு போட்டு, ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். ஒரு பக்கத் தாள் தயாரானதும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். எந்தத் தலைப்பில் கேட்டால் ஏறும் என்று பார்த்து, செப்டம்பர் 15-க்கு முன் எழுதிவிடுகிறேன்.